குறைத்து எழுதியவள்

அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று கத்திரி எனக்குப் புது அறிவிப்பை வாசித்துக் காட்டினாள். ஒன்பது வருஷமாக அவள்தான் எனக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுகிறாள். விடுமுறைப் பட்டியல், காப்பீட்டுப் படிவம், குடிநீர்க் குழாய் பழுது என்ற அறிவிப்பு வரைக்கும். சுட்டுவிரலை வரிக்கு வரி நகர்த்தி, நடுநடுவே நிறுத்தி, "புரியுதா?" என்பாள். நான் தலையாட்டுவேன்.

"நிற அறைக்கு, அதான் பெயிண்ட்டுக்கு நிறம் கலக்கற இடத்துக்கு, ஆள் எடுக்கறாங்களாம். வெளியிலேருந்து இல்ல, நம்ம ஆளுங்களையே. கம்பெனியே மூணு மாசம் பயிற்சி கொடுக்குதாம். ரெண்டே ரெண்டு இடம்." விரல் கீழே இறங்கியது. "பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படிச்சிருக்கணும். வேதியியல்னா கெமிஸ்ட்ரி. உனக்குப் புரியற மாதிரி சொன்னா, எதை எதோட கலந்தா என்ன ஆகும்ங்கற படிப்பு."

"ம்" என்றேன்.

"மூஞ்சியைத் தொங்கப்போடாதே, பத்து. படிப்பு எல்லாருக்குமா வாய்க்குது? சம்பளம் எவ்வளவுன்னே போடல பாரு. சுமை தூக்கற ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஒருத்தனுக்குப் பயிற்சி கொடுத்தாங்களே, அவன் இன்னும் பழைய சம்பளத்துலதான் வண்டி ஓட்டறான். சர்டிபிகேட்டை வீட்டுல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கானாம்."

பத்து என்பது நான்தான். பத்தாவது வரை படித்தவள் என்பதால் வந்த பெயர். கத்திரியின் பெயருக்குக் காரணம் அவள் நாக்கு. பெயிண்ட் தொழிற்சாலையின் லேபிள் பிரிவில் நாங்கள் இருவரும் ஒரே மேஜை. நான் டப்பாவில் லேபிள் ஒட்டித் தள்ளுவேன். உள்ளே என்ன நிறம் என்று பார்த்தவுடன் தெரிவதற்காக, அவள் மூடியின் மேல் அதே பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பாள். ஒரு நாளைக்கு எண்ணூறு டப்பா. எண்ணூறு பொட்டு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வேதியியலில் பட்டம் வாங்கியவள். முதல் வகுப்பு.

மகள் பிறந்து அவள் மூன்றாம் வகுப்புக்குப் போகும்வரை நான் வீட்டில் இருந்தேன். பிறகு வேலை தேடி அலைந்தபோது, பட்டத்துக்கு ஏற்ற வேலைக்கு எட்டு வருஷ இடைவெளி உறுத்தியது. மற்ற வேலைக்குப் பட்டம் உறுத்தியது. "நீங்க நிக்க மாட்டீங்கம்மா. நல்ல இடம் கிடைச்சதும் போயிடுவீங்க" என்றார்கள். இரண்டு இடத்தில் ஏறத்தாழ இதே வார்த்தைகள். மூன்றாவது விண்ணப்பத்தில் கல்வித்தகுதி என்ற கட்டத்துக்கு வந்தபோது என் கை தானாகவே 'பத்தாம் வகுப்பு' என்று எழுதியது. அன்றே வேலை கிடைத்தது.

பொய் சொன்னவர்களுக்கு எப்போது மாட்டிக்கொள்வோமோ என்று உள்ளுக்குள் பதறும். எனக்கு அந்தப் பதற்றமே வரவில்லை. ஒருத்தி தன்னைக் குறைவாகச் சொல்லிக்கொண்டால் யாரும் அதைச் சரிபார்ப்பதில்லை. உடனே நம்பிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் நானும் நம்பத் தொடங்கினேன் என்பதுதான் விநோதம். லேபிளில் அச்சாகியிருக்கும் மூலப்பொருள் பட்டியலில் ஒரு தவறு கண்ணில் பட்டால்கூட, 'உனக்கென்ன தெரியும்?' என்று உள்ளே ஒரு குரல் அதட்டும். முதலில் அது கத்திரியின் குரலாக இருந்தது. பிறகு எப்போதோ என் குரலாகிவிட்டது.

அன்று மாலை மகள் சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்து அமிலம், காரம் என்று முனகிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு. நான் வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் சமன்பாட்டில் விட்டுப்போன ஒரு மூலக்கூறைச் சொன்னேன். அப்படியே பயிற்சி அறிவிப்பைப் பற்றியும் சொன்னேன்.

"போட்டுடுங்கம்மா" என்றாள் அவள், நிமிராமலே.

"எப்படிடீ போடறது? தவறான தகவல் கொடுத்தா வேலை போயிடும்னு விண்ணப்பத்துலேயே அச்சடிச்சிருக்கு. நான் அதுல கையெழுத்துப் போட்டிருக்கேன்."

என் கணவர் பேருந்து ஓட்டுநர். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஊர்ல அவனவன் இல்லாத படிப்பை இருக்குன்னு சொல்லி மாட்டிக்கறான். இருக்கற படிப்பை இல்லைன்னு சொல்லி மாட்டிக்கப் போறது உலகத்துலேயே நீ ஒருத்தியாத்தான் இருக்கும்" என்றார்.

"சிரிக்காதீங்க. வேலை போயிட்டா?"

"போனா போகட்டும். நான் ஒருத்தன் ஓட்டறேன்ல?" தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "ஒன்பது வருஷமா ஒட்டறதெல்லாம் ஒட்டிட்டே. உன் மேல இருக்கற லேபிளையும் ஒரு தடவை கிழிச்சுப் பாரேன்" என்றார். பேருந்தில் யாரிடமோ கேட்ட வசனம் போல இருந்தது. இருந்தாலும் நன்றாக இருந்தது.

மறுநாள் என் பட்டச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பணியாளர் அலுவலரிடம் போனேன். அவர் என் பழைய விண்ணப்பத்தைக் கோப்பிலிருந்து உருவி, இரண்டையும் அருகருகே வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

"இது யாரு?"

"நான்தான் சார்."

"அப்போ இது?"

"அதுவும் நான்தான்."

அவர் விதிப் புத்தகத்தை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். லேபிள் மேஜையை, பசை வாசனையை, கத்திரியின் ஓயாத பேச்சை எல்லாம் அந்தச் சில நிமிஷத்தில் நான் இழந்து முடித்துவிட்டேன்.

"'தகுதியை உயர்த்திக் காட்டினால் பணிநீக்கம்.' விண்ணப்பத்துல பொதுவா அச்சடிச்சிருந்தாலும், விதி உயர்த்தினாத்தான். தாழ்த்தினதுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா." அவர் குரலில் லேசான ஏமாற்றம்கூட இருந்தது. "என் சர்வீஸ்ல பதினாறு போலி சர்டிபிகேட் பிடிச்சிருக்கேன். எல்லாரும் மேல ஏறப் பார்த்தவங்க. நீங்க ஒருத்தர்தான் இறங்கி வந்திருக்கீங்க. ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"படிச்சவங்க நிலைக்க மாட்டாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க சார். ரெண்டு இடத்துல."

"எந்த மடையன் சொன்னான்?"

நான் கொஞ்சம் தயங்கினேன். "ஒருத்தர் வேற கம்பெனி. இன்னொருத்தர் நீங்கதான் சார். இதே மேஜைதான். நாலு மாசம் கழிச்சு மறுபடி வந்து பத்தாவதுன்னு எழுதிக் கொடுத்தேன், எடுத்துக்கிட்டீங்க."

"நானா?"

"அப்போ உங்களுக்குத் தலை நிறைய முடி இருந்தது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்கத் தோள் குலுங்கியது. கோபப்படுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பயிற்சி விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளினார். "இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுதுங்க தாயே."

கத்திரியிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் எனக்கு வாசித்துக் காட்டிய ஒன்பது வருஷக் காகிதங்களும் நினைவுக்கு வந்தன. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியல், பெயரில்லாமல் பிரிவும் படிப்பும் பணியாளர் எண்ணுமாக, பலகைக்கு வந்துவிட்டது. வழக்கம்போல கத்திரி என்னை இழுத்துக்கொண்டு போய் விரலை வைத்தாள்.

"அஞ்சு பேரு. கலவைப் பிரிவு ரெண்டு, கிடங்கு ஒண்ணு. லேபிள் பிரிவு..." விரல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு கூச்சம். "லேபிள் பிரிவு, பன்னிரண்டாம் வகுப்பு. அது நான்தான்டீ. போட்டுட்டேன். சொன்னா நீ மனசு கஷ்டப்படுவேன்னு மறைச்சிட்டேன். கோவிச்சுக்காதே."

எனக்கு அப்படியே தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"இன்னொரு லேபிள் பிரிவு இருக்கே? யாரு அது? வேதியியல் பட்டம், முதல் வகுப்..." அவள் நிறுத்தினாள். பணியாளர் எண்ணைப் படித்தாள். என் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பிடித்து இழுத்து அதிலிருந்த எண்ணைப் படித்தாள். மறுபடி பலகை. மறுபடி அட்டை.

"அச்சுப் பிழை" என்றாள்.

"இல்லக்கா."

மதியம்வரை அவள் என்னோடு பேசவில்லை. கத்திரி பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் அவளுக்குக் காய்ச்சலோ என்று என்னிடம் கேட்டார்கள். டப்பா மூடிகளில் பொட்டுகள் குத்துக் குத்தாக விழுந்தன. தேநீர் இடைவேளையில் நான் அவளுக்கும் ஒரு கோப்பை வாங்கி வந்து வைத்தேன்.

"டைட்டானியம் டை ஆக்சைடு" என்றாள் அவள், கோப்பையைத் தொடாமல். "அது வெள்ளைப் பொடின்னு உனக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன்?"

"நாலு தடவை."

"நாலு தடவையும் கேட்டுட்டுத் தலையாட்டினியேடீ!"

"நீங்க அழகா சொல்லிக் கொடுத்தீங்கக்கா. எங்க புரொபசர்கூட அவ்வளவு சுருக்கமா சொன்னதில்ல."

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். அடக்க முடியவில்லை. சிரிப்பு வெடித்துத் தேநீர் மேஜையில் சிந்தியது. சிரித்துச் சிரித்துக் கண் கலங்கி, என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். "பாவி! உனக்காகப் பரிதாபப்பட்டே நான் பாதி இளைச்சுப் போயிட்டேன்." அவள் இளைக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

"எழுத்துத் தேர்வு இருக்காம். நான் பாஸானதே முட்டி மோதி. எனக்குச் சொல்லிக் கொடு" என்றாள் பிறகு. "நான் தலையெல்லாம் ஆட்ட மாட்டேன். கேள்வி கேட்பேன்."

கேட்டாள். இரண்டு வாரம், மதிய இடைவேளை முழுவதும். எண்ணெய் ஏன் காய்கிறது, நிறமி ஏன் அடியில் தங்குகிறது, அமிலம் பட்டால் நீலம் ஏன் மங்குகிறது. எனக்கே மறந்துபோனவற்றை மகளின் புத்தகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. தயக்கமில்லாமல் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிக்கிற குரல். இவ்வளவு நாள் இது எங்கே போயிருந்தது?

தேர்வு நாளில் எழுத்துத் தாள் எனக்கு அரை மணி நேர வேலையாக இருந்தது. கர்வத்தோடுதான் அடுத்த அறைக்குப் போனேன். அங்கே ஒரு பெட்டியில் சின்னச் சின்ன நிற வில்லைகளைக் கலைத்துப் போட்டிருந்தார்கள். இளஞ்சிவப்பில் தொடங்கி மஞ்சள், பச்சை, நீலம் வழியாக ஊதா வரை, ஒன்றிலிருந்து ஒன்று மயிரிழை மாறும்படி வரிசையாக அடுக்க வேண்டும். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே வந்தபோது எனக்குத் திகைப்பாகிவிட்டது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மாற்றி வைத்தேன். மறுபடி மாற்றினேன். பட்டம் அங்கே எதற்கும் உதவவில்லை.

கத்திரி எனக்கு அடுத்து உட்கார்ந்தாள். வில்லைகளைக் கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்தாள். பிறகு சீட்டுக்கட்டு அடுக்குவதுபோலப் படபடவென்று அடுக்கிவிட்டு எழுந்தாள். நிற அறைத் தலைவர் வில்லைகளைத் திருப்பிப் பின்னாலிருந்த எண்களைச் சரிபார்த்தார். இன்னொரு தடவை சரிபார்த்தார். ஒரு பிழைகூட இல்லை.

"எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?"

"பொட்டு வச்சே கண்ணு போச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன் சார்" என்றாள் கத்திரி, அவளே நம்ப முடியாமல்.

அந்தக் கண் அத்தனை வருஷமும் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை, நான் உட்பட. அவளைக் குறைத்து எழுதியவர்களில் நானும் ஒருத்தி என்று அன்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது, ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது. மொத்த மதிப்பெண்ணில் அவள் முதலிடம், நான் இரண்டாமிடம்.

கையெழுத்துப் போட மேலாளர் அறைக்கு அழைத்தார்கள். நிற அறைத் தலைவரும் அங்கே இருந்தார். ஒரு பக்க ஒப்பந்தம். கத்திரி பழக்கதோஷத்தில் விரலை வைத்து எனக்கு வாசித்துக்காட்டத் தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு காகிதத்தை என்னிடம் தள்ளினாள்.

நான் வாசித்தேன். பயிற்சி முடிந்தபின் இரண்டு வருஷம் வேறு எங்கும் போகக்கூடாது. போனால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும். நேரம் தவறக்கூடாது. இரகசியம் காக்க வேண்டும். கடைசி வரிவரை போய்விட்டுத் திரும்பவும் மேலே வந்தேன்.

"சார், பயிற்சி முடிஞ்சதும் சம்பளம் என்னன்னு எழுதலையே?"

"முதல்ல பயிற்சி முடியட்டும்மா. அப்புறம் பார்க்கலாம். கம்பெனி உங்களுக்காக எவ்வளவு செலவழிக்குது தெரியுமா? கத்துக்கிட்டு நாளைக்கே வேற எங்கேயாவது ஓடிட்டா?" என்றார் மேலாளர்.

நீங்க நிக்க மாட்டீங்கம்மா. அதே வாக்கியம், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது. போன தடவை அதைக் கேட்டபோது நான் என்னைச் சுருட்டி ஒரு சின்னக் கட்டத்துக்குள் போட்டுக்கொண்டேன். என் கையில் பேனா இருந்தது. போட்டுவிடு, கிடைத்ததே பெரிது என்று உள்ளேயிருந்த பழைய குரல் சொன்னது. பேசாவிட்டால் நிற அறையிலும் நான் பழைய 'பத்து'வாகத்தான் உட்கார்ந்திருப்பேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பேனாவை மூடி மேஜை மேல் வைத்தேன்.

"ஒன்பது வருஷமா ஓடலையே சார். பட்டத்தை வச்சுக்கிட்டு லேபிள் ஒட்டினப்பவே ஓடல. இதுல நாங்க என்னென்ன செய்யணும்னு பதினோரு வரி இருக்கு. நீங்க செய்யறதா ஒரு வரிகூட இல்ல. நிற அறைச் சம்பளம் எங்களுக்கு எந்தத் தேதியிலேருந்துன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

கத்திரி என்னை வாய் பிளந்து பார்த்தாள். அவள் வாழ்க்கையில் பேச இடமிருந்தும் பேசாமலிருந்த இரண்டாவது சந்தர்ப்பம் அது.

மேலாளர் நிற அறைத் தலைவரைப் பார்த்தார். "என்ன சார் இது?"

அவர் மோவாயைத் தடவினார். "போன தடவை பயிற்சி கொடுத்தோமே ரெண்டு பேருக்கு, சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம்னு."

"ஆமா. அவங்க எங்கே இப்போ?"

"எதிர்க் கம்பெனியில. அங்கே இப்பல்லாம் நிறம் ரொம்ப நல்லா வருது சார். நாம கொடுத்த பயிற்சி."

மேலாளர் சிரிக்கக்கூடாது என்று முயன்றது தெரிந்தது. ஒரு பெருமூச்சு விட்டுக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பன்னிரண்டாவது வரியைத் தன் கையாலேயே எழுதினார்: பயிற்சி முடிந்த மறுநாளிலிருந்து இருவருக்கும் நிற அறை ஊதியம். பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். கத்திரி எட்டிப் பார்த்து, "சார், 'இருவருக்கும்'ங்கறதை இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதியிருக்கலாம்" என்றாள்.

வெளியே வந்ததும் படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு படிகளாகத் தாவி இறங்கினாள். எங்கள் இருவரின் வயதையும் கூட்டினால் எண்பத்தைந்து. கீழே நின்ற ஃபோர்க்லிஃப்ட்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, "என்னக்கா, லாட்டரியா?" என்றார். "ஒரே ஒரு வரிடா! உன்னோட பயிற்சிப் பேப்பரையும் எடுத்துட்டு வா, எங்க பத்... எங்க பட்டதாரி எழுத வைப்பா" என்று கத்திரி கத்தினாள். அவர் மறுநாளே எடுத்துக்கொண்டு வந்தார். அது தனிக் கதை. இரண்டு மாதம் இழுத்தடித்தாலும் நல்லபடியாகவே முடிந்தது.

நிற அறையில் சுவர், மேஜை, நாற்காலி எல்லாம் சாம்பல் நிறம். பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றக்கூடாது என்பதற்காக எங்களுக்கும் சாம்பல் நிற மேலங்கி. கிளிப்பச்சையும் குங்குமச் சிவப்புமாகவே உடுத்திப் பழகிய கத்திரி முதல் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மழை வரப் போகுது, துணியெல்லாம் எடுத்து உள்ளே போடு" என்றாள். மூன்று மாதத்தில் அளக்க, அரைக்க, குறிக்க, பொறுமையாக இருக்கக் கற்றுக்கொண்டோம். கடைசியதுதான் அவளுக்குக் கஷ்டம்.

பயிற்சி முடிந்து, புதிய சம்பளம் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு வாடிக்கையாளர் உடைந்த கதவுத் துண்டு ஒன்றை அனுப்பியிருந்தார். அதே நிறம் வேண்டும். பார்வைக்கு வெறும் சாம்பல். தலைவர் அதை எங்களிடம் தனியாக விட்டுவிட்டுப் போனார்.

கத்திரி துண்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். "இதுல பச்சை ஒளிஞ்சிருக்கு."

"எனக்குத் தெரியலையேக்கா."

"உனக்கு எங்கே தெரியும், படிச்சவளுக்கு. இருக்கு, போடு."

எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டேன். கலந்து, அட்டையில் தீற்றி, உலரவிட்டோம். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம், காத்திருக்கத்தான் வேண்டும். மூன்று வகை விளக்குகள் பொருத்திய விளக்குப் பெட்டிக்குள் அட்டையையும் கதவுத் துண்டையும் சேர்த்து வைத்தோம். பகல் வெளிச்ச விளக்கில் பொருந்தியது. கடை விளக்கில் பொருந்தியது. வீட்டு மஞ்சள் விளக்கைப் போட்டதும் அட்டை சிவந்து தனியாகத் தெரிந்தது. கத்திரி தலையில் கை வைத்தாள். எனக்கு அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. நாங்கள் போட்ட கறுப்பு, கதவில் இருந்த கறுப்பிலிருந்து வேறு வகை நிறமி. அதை எடுத்துவிட்டு இன்னொரு கறுப்பைப் போட்டு, அளவை மாற்றி எழுதினேன். மறுபடி தீற்றல், மறுபடி காத்திருப்பு. மூன்று விளக்கையும் கத்திரி ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாள். மறுபடி தட்டினாள். அட்டை எது, கதவு எது என்று சொல்ல முடியவில்லை.

தலைவர் வந்து குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அளவுத் தாளில் கையெழுத்துப் போட்டார். திரும்பி நடந்தவரைக் கத்திரி விடவில்லை.

"சார், நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா?"

"வித்தியாசமே தெரியலைம்மா" என்றார் அவர். "இந்த அறையில அதுக்கு மேல பாராட்டு கிடையாது."

கத்திரி என் விலாவில் இடித்தாள். நான் அளவுத் தாளை எடுத்தேன். தயாரித்தவர் என்ற இடம் காலியாக இருந்தது. முதலில் அவளிடம் நீட்டினேன், போட்டாள். அதற்குக் கீழே நான் போட்டேன், பெரிய எழுத்தில், வால் நீட்டி.